ஏழாம் பிரிவு

நகராட்சி அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அங்குலம் என்றால்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு பழைய பள்ளிக்கூடத்துச் சுவரை அளந்து வரச் சொன்னார்கள். போய் அளந்து வந்து, கனம் இரண்டடி ஒன்றேகால் அங்குலம் என்று எழுதினாள். பொறியாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ரெண்டடின்னு போட்டா போதாதாம்மா? அந்த ஒண்ணேகால் அங்குலத்துல யாரு குடியிருக்கப் போறா?" என்று கேட்டார். வரைபடப் பிரிவே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "யாரும் குடியிருக்க மாட்டாங்க சார். ஆனா அது அங்க இருக்கு," என்றாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் பத்தொன்பது வருஷமாகியும் உரியவில்லை.

அலுவலகத்துக்கு நேர் எதிரே அவளுடைய அக்கா ஒரு நகல் கடை வைத்திருக்கிறாள். டைப் அடிப்பது, ஜெராக்ஸ், லேமினேஷன். அக்கா ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். தங்கையை டிப்ளமாவரை படிக்க வைத்தவள். இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தான். காகிதத்தில் பின் கோணலாகக் குத்தியிருந்தால் இருவருக்கும் கை நமநமவென்று அரிக்கும்.

அங்குலத்தின் கணவர் பஸ் ஓட்டுநர். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு கதை சொல்வார். "பொண்ணு பாக்கப் போனப்ப என் உயரம் கேட்டா. அஞ்சு ஏழுன்னேன். மேலயும் கீழயும் ஒரு தடவ பாத்துட்டு, அஞ்சு ஆறரைதான்னா. அன்னியிலேர்ந்து நிமிந்தே நிக்கிறேன், இன்னும் அந்த அரை அங்குலம் வரல."

மூன்று வருஷத்துக்கு முன்பு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒவ்வொரு ஊரும் தன் பழைய கட்டடங்களைக் காப்பாற்ற ஒரு துணைவிதி எழுதிக்கொள்ள வேண்டும், எந்தெந்தக் கட்டடம் என்று பட்டியலும் போட வேண்டும் என்று அதில் இருந்தது. அந்தக் கடிதம் ஐந்து மேசை சுற்றியது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு டீக்கறையை வாங்கிக்கொண்டு கடைசியில் அங்குலத்திடம் வந்தது. "உனக்குன்னே எழுதின மாதிரி இருக்கும்மா," என்று பொறியாளர் கை கழுவினார்.

அடுத்த இரண்டு வருஷம் சனிக்கிழமைகளில் அவள் வீட்டில் இருந்ததே இல்லை. அளவு நாடா, டார்ச், நோட்டு, மடக்கு ஏணி. தெருத்தெருவாகப் போனாள். சிலர் தண்ணீர் கொடுத்தார்கள். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். இரும்புத் தூண் வைத்த ஒரு மாடி வீட்டின் சொந்தக்காரர் வாசலிலேயே மறித்துக்கொண்டு, "நீ அளந்துட்டுப் போனா இது யாரு வீடு? எங்களுதா, உங்களுதா?" என்றார்.

"உங்களுதுதான்யா. இடிக்கிறதுக்கு முன்னாடி எங்களக் கேக்கணும். அவ்வளவுதான்."

"கூரை ஒழுகுது. அதுக்கும் உங்களக் கேக்கணுமா, இல்ல ஒழுகுறது மட்டும் எங்களுதா?"

அவளுக்கு அந்தக் கேள்வி நியாயமாகப் பட்டது. அன்றைக்கே நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு அதுதான் அவளுடைய வரைவில் எட்டாம் பிரிவு ஆயிற்று: பட்டியலில் உள்ள வீட்டுக்கு வரியில் பாதி தள்ளுபடி, கூரைப் பழுதுக்கு நகராட்சி ஆளும் சாமானும் கொடுக்கும், கொடுத்த பிறகும் வேண்டுமென்றே ஒழுக விட்டால் அதுவும் இடித்ததற்குச் சமம்.

பத்தாம் பிரிவு கணவரால் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே, "அபராதம்னு போடாத. அது டிக்கெட் மாதிரி. வாங்கிட்டு தைரியமா ஏறி உக்காருவான்," என்றார். அவள் அபராதத்தை அடித்துவிட்டு வேறு எழுதினாள். அனுமதி இல்லாமல் இடித்த மனையில் பதினைந்து வருஷத்துக்கு, இடித்த கட்டடம் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம்தான் கட்டலாம். ஆறு மாடி கட்ட நினைத்து இடிப்பவனுக்கு அதைவிடக் கசப்பான மருந்து கிடையாது.

ஆனால் அவள் உயிராக நினைத்தது ஏழாம் பிரிவைத்தான். இந்த மாதிரி விதி ஏற்கனவே போட்ட ஐந்து ஊர்களின் அலுவலகங்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு ஒரே கேள்வி கேட்டாள்: "உங்க விதியில எங்க ஓட்டை?" நாலு பேர் சுற்றி வளைத்தார்கள். ஐந்தாவது ஊரில் ஓய்வுபெறப் போகும் ஓர் அம்மா மட்டும் உள்ளதைச் சொன்னார். "பட்டியல் போட்டோம்மா. ஆட்சேபணை சொல்ல அறுபது நாள் குடுத்தோம். அறுபது நாளுக்குள்ள பட்டியல்ல பாதி தரைமட்டம். எதை இடிக்கணும்னு நாங்களே விலாசம் எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு."

அதனால் ஏழாம் பிரிவு இப்படி அமைந்தது: வரைவுப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஏறிய மணியிலிருந்து இறுதி முடிவு வரும்வரை, பட்டியலில் உள்ள எதையும் யாரும் இடிக்கவோ, ஓடு இறக்கவோ, கதவு ஜன்னல் பெயர்க்கவோ கூடாது. அவ்வளவுதான். மூன்று வரி.

வரைவை அக்காதான் டைப் அடித்தாள். அடித்து முடித்து ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள். "ஏன்டி, இது எனக்கே புரியுதே. அப்ப இது சட்டமாத்தான் இருக்குமா?" என்றாள். இருவரும் சிரித்தார்கள். அந்த வேலையில் அவர்கள் சிரித்தது அதுதான் கடைசி.

வரைவு மூன்று பக்கம். அதோடு சேர்த்த பட்டியல் அறுபத்திரண்டு பக்கம். நாற்பத்தொரு கட்டடம். அங்குலம் எழுதினால் எப்படி இருக்கும்? எந்தக் கட்டடத்தில் எத்தனை உத்தரம், எந்த மரம், ஒவ்வொன்றும் எத்தனை அடி நீளம், எந்த உத்தரம் பூச்சி அரித்தது, எது நேற்று அறுத்தது போல இருக்கிறது, கதவு எத்தனை, கீல் இரும்பா பித்தளையா, எல்லாம் படத்தோடு, எண் போட்டு இருந்தது. சந்தைத் தெருவின் எடைக்கூடம் மட்டும் நாலு பக்கம். ஊருக்கு வரும் சரக்கு முழுவதையும் ஒரு காலத்தில் எடை போட்ட கூடம் அது. முப்பத்தெட்டுத் தேக்கு உத்தரம், ஒவ்வொன்றும் பதினாறடி. ஒரு கட்டடத்தின் மேல் வைத்த மரியாதையை வேறு எப்படிக் காட்டுவது என்று அவளுக்குத் தெரியாது.

நகரமைப்புக் குழுக் கூட்டத்துக்கு அவளையும் கூப்பிட்டார்கள். உட்கார நாற்காலி உண்டு, ஓட்டு கிடையாது. நகராட்சித் துணைத்தலைவர் தலைமை. மேசை நிறைய பிஸ்கட். அவர் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பட்டியலைப் புரட்டினார். பக்கத்துக்கு ஒரு ஈர ரேகை. எடைக்கூடத்தின் படத்தின்மேல் டீ டம்ளரை வைத்தார்; எடுத்தபோது கூரையைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் உறுப்பினர் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. பிஸ்கட் தூளைப் பட்டியலின்மேலிருந்து ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் வீடு எடைக்கூடத்தை ஒட்டின வீடு.

"நம்ம தங்கச்சி உசுரக் குடுத்து எழுதியிருக்கு," என்றார் துணைத்தலைவர், வாயில் இருந்ததை விழுங்காமலே. "எல்லாம் சரி. இந்த ஏழுதான் இடிக்குது. மக்கள்கிட்ட கருத்தே கேக்கல, அதுக்குள்ள தடையா? இது ஜனநாயகமா தங்கச்சி?"

"கருத்து கேட்டு முடிக்கிற வரைக்கும் கட்டடம் நிக்கணுமே சார். இல்லன்னா எதப் பத்தி கருத்து சொல்லுவாங்க?"

"பாத்தீங்களா, நம்ம ஜனங்க மேல நம்பிக்கையே இல்ல இதுக்கு!" அவர் சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அங்குலம் பொறியாளரைப் பார்த்தாள். பொறியாளர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழை எடுத்துடலாம்கிறவங்க?"

எல்லாக் கையும் உயர்ந்தது. பெண் உறுப்பினர் பிஸ்கட் இருந்த கையையே தூக்கினார்.

ஏழு போய்விட்டது. மற்றதெல்லாம் இருந்தது. அறுபது நாள் கழித்து அமலுக்கு வரும் என்று வரைவையும் பட்டியலையும் பலகையில் ஒட்டினார்கள்.

ஒன்பதாவது நாள், சாப்பாட்டு இடைவேளையில் அங்குலம் அக்கா கடையில் நின்றுகொண்டிருந்தாள். கட்டடம் இடித்துப் பழைய மரம் விற்கும் ஒருவர் உள்ளே வந்தார். கையில் அறுபத்திரண்டு பக்கம். ஓரத்தில் பல இடங்களில் சிவப்பு மையில் டிக்.

"ஆறு காப்பி போடுங்கம்மா. நம்ம ஆளுங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு."

அக்கா வாங்கிப் பார்த்தாள். அவளே அடித்த எழுத்து. இயந்திரத்தில் முதல் பக்கத்தை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மரக்கடைக்காரர் பேச்சை நிறுத்தவில்லை. "முன்னாடியெல்லாம் ஏணி போட்டு ஏறி, தட்டிப் பாத்து, நாலு நாள் நாய் பொழப்பு. இதுல எல்லாமே இருக்கு. எது பூச்சி, எது நல்லதுன்னு முதக்கொண்டு எழுதியிருக்கு. யார் பெத்த புள்ளையோ, எழுதின கைக்கு மோதிரம்தான் போடணும்."

அந்த ஆள் பொய் சொல்லவில்லை, இளிக்கவில்லை. மனசாரப் பாராட்டினார். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"மிஷின் ரிப்பேர்," என்றாள் அக்கா.

"பச்சை லைட்டு எரியுதே?"

"பச்சையா எரிஞ்சா ரிப்பேர்னு அர்த்தம். போயிட்டு வாங்க."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு, நாலு கடை தள்ளி இருந்த இன்னொரு நகல் கடைக்குப் போனார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். "நீ எதுக்குடி உத்தரத்தையெல்லாம் எண்ணி எழுதின?" என்று அக்கா கேட்டாள். திட்டுவதற்காகக் கேட்கவில்லை.

முதலில் இரும்புத் தூண் வீடு போனது. பிறகு வாரத்துக்கு இரண்டு, சில வாரம் மூன்று. அங்குலம் ஒவ்வொரு தடவையும் நிறுத்த உத்தரவு எழுதிக்கொண்டு பொறியாளரிடம் போனாள். அவர் பேனாவை மூடியே வைத்திருப்பார். "எந்தப் பிரிவுல நிறுத்தச் சொல்றதும்மா? ஏழு இல்லையே." முகத்தில் வருத்தம் போல ஒன்றை வரவழைத்துக்கொள்வார். அந்த வருத்தத்தைப் பார்த்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

நாற்பத்து நாலாவது நாள் எடைக்கூடம். துணைத்தலைவரின் மைத்துனர் அதை வாங்கியிருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது. காலையில் அவள் போனபோது ஓடு முழுக்க இறக்கியாயிற்று. உத்தரங்களைக் கழற்றித் தெருவில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் சாக்பீஸில் எண். எ-1, எ-2, எ-3. அவள் படத்தில் போட்ட அதே எண்கள். பூச்சி அரித்தவை என்று அவள் எழுதிய நான்கை மட்டும் தனியே ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவளுடைய கணக்கு அவ்வளவு சுத்தம்.

வாயில் எச்சில் ஊறிக்கொண்டே வந்தது. வாழ்நாளில் அவள் தெருவில் துப்பியதில்லை. அன்றைக்குச் சாக்கடை ஓரம் குனிந்து துப்பினாள். பிறகு வாந்தியும் எடுத்தாள். கூலி ஆள் ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "தூசு ஒத்துக்கலையாக்கா?" என்றார்.

"ஆமாய்யா," என்றாள்.

அறுபது நாள் முடிந்தது. நாற்பத்தொன்றில் பதினைந்து இல்லை. மிச்சம் இருபத்தாறோடு சட்டம் நிறைவேறியது. கூட்டத்தில் கைதட்டல். துணைத்தலைவர் அவள் பக்கம் திரும்பி, "ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நெறைய பழசு இருக்கே தங்கச்சி. அதுக்கும் இதே மாதிரி ஒரு பட்டியல் போட்டுடு. இதே மாதிரி விவரமா," என்றார். 'விவரமா' என்று சொல்லும்போது நாக்கு உதட்டை ஒரு தடவை தொட்டுப் போனது.

அந்தப் பக்கத்தை அவள் ஏற்கனவே அளந்து முடித்திருந்தாள். முப்பத்துமூன்று கட்டடம், நோட்டில் இருந்தது. ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்று பொறியாளர் எழுத்தில் உத்தரவு கொடுத்தார். கொடுத்தால் அந்த முப்பத்துமூன்றும் இதே கதிதான். கொடுக்காவிட்டால் வேலைக்கே ஆபத்து. அன்று மாலை கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அக்கா டைப் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். "சொல்லு, அடிக்கிறேன்."

அங்குலம் சொன்னாள்: அளவெடுப்பு முடிந்துவிட்டது. ஏழாம் பிரிவு சட்டத்தில் சேர்ந்த மறுநாள் பட்டியல் சமர்ப்பிக்கப்படும். சட்டம் முதலில், பட்டியல் பிறகு.

"இதக் குடுத்தா உன்னத் தூக்கி எங்கயாவது போட்டுடுவாங்க."

"போடட்டும்கா."

அக்கா மூன்று தடவை படித்துப் பார்த்தாள். எழுத்துப் பிழை இல்லை. பின்னை நேராகக் குத்திக் கொடுத்தாள்.

தூக்கித்தான் போட்டார்கள். பிறப்பு இறப்புப் பிரிவு, மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத அறை. பொறியாளர் அங்கேயும் இறங்கி வந்தார். "அந்த நோட்டையாவது குடும்மா. அது ஆபீஸ் சொத்து."

"சனிக்கிழமையில எழுதினது சார். சனிக்கிழமை என்னோடது."

அவர் தானே காரில் ஒரு சுற்று சுற்றிப் பட்டியல் போட்டுப் பார்த்தார். ஒன்பது கட்டடம் தேறியது. அதில் ஒன்று, முகப்பில் பழசு போல வர்ணம் அடித்த புது செருப்புக் கடை. அதைப் பலகையில் ஒட்ட அவருக்கே கூச்சமாகிவிட்டது.

ஐந்து மாதம் கழித்து ஒரு நாள், குடையை உதறிக்கொண்டே பெண் உறுப்பினர் மாடிப்படிக்கு அடியில் வந்து நின்றார். யாரோ செத்துப்போயிருப்பார்கள், சான்றிதழுக்கு வந்திருக்கிறார் என்று அங்குலம் நினைத்தாள்.

"ஏம்மா, எங்க வீட்டுச் சுவரு பிளந்துபோச்சு. படுக்கிற ரூமுக்குள்ள கை நுழையிற அளவுக்கு."

"எப்போலேர்ந்தும்மா?"

"அந்த எடைக்கூடத்த எடுத்தாங்கல்ல, அதுக்கு அப்புறம்தான். அது பொதுச்சுவராமே? எனக்கு எப்படித் தெரியும்?"

பட்டியலின் பதினேழாம் பக்கத்தைப் புரட்டியிருந்தால் தெரியும். வடக்குச் சுவர் பக்கத்து வீட்டோடு பொது, கனம் ஒன்றே முக்காலடி, தாங்கும் சுவர் என்று அவள் எழுதியிருந்தாள். புரட்டாத அந்தப் பக்கத்துக்கு மேலேதான் பிஸ்கட் தூள் விழுந்தது.

"இப்ப இன்னொரு பக்கத்துப் பழைய வீட்டுக்காரனும் விக்கப் போறானாம். அவனும் இடிச்சா என் வீடு நடுவுல பல்லு போன வாய் மாதிரி ஆடும். அந்த ஏழு, எட்டுன்னு என்னமோ சொன்னியே, அத மறுபடி எழுதிக் குடு, அவன் வீட்டையும் பட்டியல்ல சேத்துடு. நான் பாத்துக்கறேன். என் பக்கம் எட்டு ஓட்டு இருக்கு."

அங்குலம் அந்த அம்மாவின் கையைப் பார்த்தாள். அன்றைக்குத் தூக்கிய அதே கை. பதினைந்து கட்டடம் போனபோது அசையாதவர், தன் படுக்கை அறையில் காற்று வந்ததும் குடையோடு ஓடி வந்திருக்கிறார். 'போங்கம்மா வெளியே' என்று சொல்ல நாக்கு வரை வந்தது. முப்பத்துமூன்று கட்டடம் நோட்டில் காத்துக்கொண்டிருந்தது. விழுங்கினாள். விழுங்கியது கசந்தது.

"அக்கா கடையில அடிச்சது இருக்கு," என்றாள். "எழுத வேண்டியதில்ல."

அடுத்த கூட்டத்தில் ஏழாம் பிரிவு வந்தது. துணைத்தலைவர் பெரிதாக எதிர்க்கவில்லை. பட்டியல் எதுவும் மேசைமேல் இல்லாததால் அவருக்கு அது வெறும் மூன்று வரிதான். பத்தாம் பிரிவின் பதினைந்து வருஷத்தைப் பத்தாகக் குறைத்துத் தன் மனதை ஆற்றிக்கொண்டார். பன்னிரண்டுக்கு ஒன்பது என்று தீர்மானம் தேறியது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அங்குலம் இரண்டாம் பட்டியலைக் கொடுத்தாள். இந்தத் தடவை இரண்டே பக்கம். முப்பத்துமூன்றோடு பெண் உறுப்பினரின் பக்கத்து வீடும். தெரு, கதவு எண், நான்கு எல்லை. உத்தரம் இல்லை, கீல் இல்லை, மரத்தின் பெயர் இல்லை. அளவுகள் எல்லாம் ஒட்டிய உறையில், சீல் வைத்து. பத்து இருபதுக்குப் பலகையில் ஏறியது. பலகையில் ஏறிய நேரத்தை அவளே மையில் எழுதினாள்.

ஒரு மணிக்கெல்லாம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய மருந்துக்கடையின் ஓடு இறங்குகிறது என்று தகவல் வந்தது. பொறியாளருக்கு இப்போது போனைப் பார்க்க வழி இல்லை. கையெழுத்துப் போட்டார். உத்தரவை எடுத்துக்கொண்டு அங்குலமே போனாள். அதே மரக்கடைக்காரர் கீழே நின்றிருந்தார்.

"என்ன மேடம், இந்தத் தடவ லிஸ்ட்ல ஒண்ணுமே இல்லையே? ஏணி போட வேண்டியதாப் போச்சு."

"ஏணிய இறக்குங்க. ஏழாம் பிரிவு."

அவர் உத்தரவை இரண்டு தடவை படித்தார். தலையைச் சொறிந்தார். பிறகு மேலே பார்த்து, "டேய், இறங்குங்கடா," என்றார். எடுத்த ஓடுகளை எண்ணச் சொல்லி, திரும்ப அடுக்கும்வரை அவள் வெயிலில் நின்றாள். பன்னிரண்டு உடைந்திருந்தது. அதையும் எழுதிக்கொண்டாள்.

முதல் இருபத்தாறும் இந்த முப்பத்துநான்கும் சேர்ந்து இப்போது ஒரே பட்டியல். துணைத்தலைவர் அதைப் படத்தோடு புத்தகமாகப் போட ஆசைப்பட்டார், முன்னுரை அவருடையது. அச்சுக்குப் போகும் முன் அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஒண்ணு, ரெண்டு, அப்புறம் நேரா அஞ்சுன்னு இருக்கே தங்கச்சி. நடுவுல நெறைய நம்பர் காணோமே. சரியா எண்ணத் தெரியலையா உனக்கு?"

"எண்ணினது சரிதான் சார். பதினஞ்சு நம்பர்தான் காணோம்."

"அசிங்கமா இருக்கு. வரிசையா மாத்திடு."

"அசிங்கமாத்தான் இருக்கு சார்," என்றாள் அங்குலம். "மாத்த மாட்டேன்."

காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி, ஓரத்தை விரலால் துடைத்து, எதிர்க் கடைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.